வீட்டு புரோக்கரை எதுவரை உள்ளே விடலாம்?

தமிழ்நாட்டில் வீடு தேடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு கட்டத்தில் புரோக்கரிடம் போய்த்தான் நிற்கிறார்கள். அதில் தப்பே இல்லை. எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு வருகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும், அதற்குக் கமிஷன் கொடுப்பது நியாயம். ஆனால் வீட்டுக்காரரிடம் பேசுவதும் அவர், பத்திரம் காட்டுவதும் அவர், அட்வான்ஸ் வாங்குவதும் அவர் என்று ஆகிவிட்டால், என்ன நடக்கிறது என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. நேர்மையான புரோக்கர் இரண்டாவது சந்திப்பிலேயே ஓனரை எதிரில் உட்கார வைப்பார். "ஓனர் ஃபாரின்ல இருக்காரு", "வயசானவங்க, அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று இழுப்பவரிடம் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏன் ஓனரைக் காட்ட மாட்டேன் என்கிறார்? பெரும்பாலும் விலைதான் காரணம். ஓனர் 58 லட்சம் கைக்கு வந்தால் போதும் என்றிருப்பார். உங்களிடம் 65 சொல்வார்கள். பத்திரத்தில் 58 போட்டுக்கொள்ளலாம், மீதியைக் கேஷாகக் கொடுங்கள், டாக்ஸ் மிச்சம் என்று உங்களுக்கு நல்லது செய்வதுபோலப் பேசுவார்கள். அந்த 7 லட்சம் ஓனருக்குப் போவதே இல்லை. நாளைக்குத் தகராறு வந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்ததற்கு உங்களிடம் ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தடை. ஆகவே டோக்கன் அட்வான்ஸ் உட்பட எல்லாம் ஓனரின் பேங்க் கணக்குக்கு நேராகப் போகட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் (ஓனரின் வருமான வரிக்கான முன்பிடித்தம்) பிடித்து ஓனரின் பான் எண்ணில் கட்டவேண்டியது வாங்குகிற உங்கள் பொறுப்பு. ஓனர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது, பிடித்தம் அதைவிட அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் செக் எழுதாதீர்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. புரோக்கரோ அவருடைய கூட்டாளியோ ஓனரிடம் சின்னத் தொகை கொடுத்து, மூன்று மாதத் தவணையில் பதிவு செய்யாத அக்ரிமெண்ட் ஒன்று போட்டுக்கொள்வார். அதை வைத்துக்கொண்டு உங்களிடம் பெரிய அட்வான்ஸ் வாங்குவார். தவணைக்குள் முடியாவிட்டால் ஓனர் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவார். உங்கள் பணம் புரோக்கரிடம், வீடு ஓனரிடம். எனவே முதல் நாளே, "நீங்க புரோக்கரா, இல்ல அக்ரிமெண்ட் போட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம். பதிந்தால் அது வில்லங்கச் சான்றிதழில் ஏறும், ஓனர் அதே வீட்டை வேறொருவருக்குக் காட்டும்போது அவருக்கும் தெரிந்துவிடும். 'செலவுதானே, வெள்ளைத்தாளில் எழுதிக்கலாம்' என்று சொல்கிறவர் யாருடைய நன்மைக்குச் சொல்கிறார் என்று யோசியுங்கள்.

இப்போது ஈசி, அதாவது அந்த வில்லங்கச் சான்றிதழ். அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புரோக்கர் ஒரு தாளை நீட்டி "பாருங்க சார், நில் ஈசி" என்பார். நில் ஈசி என்றால் வில்லங்கமே இல்லை என்று பொருளல்ல. தேடிய சர்வே எண்ணில், தேடிய ஆண்டுகளில், தேடிய சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு எதுவும் இல்லை என்று மட்டும்தான் பொருள். 112/3 என்றிருந்த இடம் உட்பிரிவாகி 112/3ஏ2 ஆகியிருக்கும். புது எண்ணில் மட்டும் தேடினால் பழைய எண்ணில் பதிந்த அடமானமும் பாகப்பிரிவினையும் வராது. அந்த ஊர் ஒரு காலத்தில் வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். நகர்ப்பகுதி என்றால் டவுன் சர்வே எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் ஈசியைக் காசில்லாமல் நீங்களே பார்க்கலாம். குறைந்தது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

ஈசி வந்ததும் பழையதிலிருந்து புதியதற்கு, ஒவ்வொரு வரியாகப் போங்கள். முதல் வரியில் எழுதி வாங்கியவர்தான் அடுத்த விற்பனையில் எழுதிக் கொடுத்தவராக இருக்க வேண்டும். நடுவில் புதிதாக ஒரு பெயர் முளைத்தால் அவர் வாரிசாக வந்தாரா, உயிலில் வந்தாரா, பவரில் (ஓனர் தன் சார்பில் விற்க எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வந்தாரா என்று கேளுங்கள். அடமானம் அல்லது உரிமை ஆவண ஒப்படைப்பு (பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன்) என்று ஒரு வரி இருந்தால் அதற்கு ஜோடியாக 'ரசீது' என்று இன்னொரு வரி இருக்க வேண்டும். ஜோடி இல்லாவிட்டால் கடன் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிரைய ஒப்பந்தம் இருந்தால் அது கிரையத்தில் முடிந்ததா, ரத்துப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் முந்தைய ஆவண எண் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் தாய்ப்பத்திரம், அதாவது இந்தச் சொத்தின் ஆரம்பப் பத்திரம் வரைக்கும் போய்விடலாம்.

இவ்வளவு பார்த்தாலும் ஈசியில் வராதவை உண்டு. பதியாத உயில் வராது. அசல் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்து வாங்கிய கைக்கடன் வராது. அதனால்தான் அசலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெராக்ஸை மட்டும் காட்டுவது, 'ஒரிஜினல் தொலஞ்சுடுச்சு, போலீஸ்ல சர்டிபிகேட் வாங்கிக்கலாம்' என்பது, இரண்டுமே அபாய மணி. பத்திரம் தொலையவில்லை, யாரிடமோ அடகில் இருக்கிறது என்பதுதான் பல இடங்களில் உண்மை.

பட்டாவை வருவாய்த்துறையின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். கூட்டுப்பட்டாவாக இருந்தால் அதில் உள்ள மற்றவர்கள் யார், அவர்கள் கையெழுத்து வேண்டுமா என்பதை வக்கீலிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறையின் அ பதிவேட்டில் அரசு புறம்போக்கு, கோயில் நிலம் என்று வந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். அப்பா இறந்து பிள்ளைகள் விற்கிற வீடென்றால் கல்யாணமாகிப் போன மகள்களும் கையெழுத்துப் போட வேண்டும். 'தங்கச்சி ஒண்ணும் சொல்லாது சார்' என்ற வார்த்தையை நம்பி வாங்கியவர்கள் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். பவர் ஏஜென்ட் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்பதை அவரிடமே போனில் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். அவர் இறந்த நிமிடமே பொதுவாக அந்தப் பவரும் முடிந்துபோகிறது.

வக்கீலையும் புரோக்கரே கூட்டி வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். வியாபாரம் முடிந்தால்தான் புரோக்கருக்குக் காசு. அவர் கூட்டிவந்த வக்கீலுக்கும் அதே அவசரம் இருக்க வாய்ப்புண்டு. 'இன்னிக்கு சாயங்காலம் இன்னொரு பார்ட்டி டோக்கன் போட வராங்க' என்ற பேச்சும் அதே அவசரத்துக்குத்தான். போடட்டும், விடுங்கள்.

ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவான புதுத் திட்டத்தில் வீடு விற்கிற ஏஜென்ட் தானும் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு இணையதளத்தில் சரிபாருங்கள். அப்படிப்பட்ட திட்டத்தில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமையில்லை. தனி ஆள் விற்கிற பழைய வீட்டுக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது, அங்கே நீங்கள்தான் உஷாராக இருக்க வேண்டும்.

கமிஷனை முதலிலேயே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்: எத்தனை சதவீதம், எந்தத் தொகையின் மேல், எப்போது. பத்திரம் பதிந்த பிறகுதான் தருவேன் என்று சொல்லுங்கள். 'பத்திரச் செலவு எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று மொத்தமாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். பழைய வீட்டுக் கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 4.2 லட்சமும் 1.2 லட்சமும், ஆக 5.4 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு கிரையத் தொகையைவிட அதிகமாக இருந்தால் கணக்கு அதன் மேல் போகும். அரசுக்குப் போகும் பணத்தை ஆன்லைனில் நீங்களே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கேட்கிற 'ஆபீஸ் செலவு' எதற்கு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

பதிவு நாளில் கையெழுத்துக்கு முன்னால் அசல் பத்திரங்கள், தாய்ப்பத்திரம், கடைசி வரி ரசீது, கரண்ட் பில், சாவி எல்லாம் மேஜைமேல் இருக்கட்டும். பதிந்து சில நாள் கழித்து அதே சர்வே எண்ணில் இன்னொரு முறை ஈசி போட்டுப் பாருங்கள். கடைசி வரியில், எழுதி வாங்கியவர் என்ற இடத்தில், உங்கள் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்க வேண்டும்.