காது கேளாதவனுக்கு ஒலிபெருக்கி எதற்கு?

"அறிவிப்பு செய்தோமே அண்ணாச்சி, அதற்கு மேல் நாங்கள் என்ன செய்ய முடியும்?"

நாற்பது நாளைக்கு முன் ஒரு ரயில் நிலைய அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பதில் இது. என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதைச் சொல்லிவிட்டுத்தான், வண்டி வருவதைக் கண்ணால் அறிய நடைமேடை விளிம்பில் மின்னும் விளக்கு வேண்டும் என்ற மனுவை நீட்டினேன். வாயாலும் சொன்னேன், மனுவின் முதல் வரியிலும் எழுதியிருந்தேன். அப்படியும் இந்த வார்த்தை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு பற்றி எரிகிறது.

எங்கள் வீடு திருநெல்வேலிப் பேட்டைப் பக்கம். தம்பி, தென்காசித் தடத்தில் உள்ள ஒரு சிற்றூரில் தையல் கடையில் வேலை பார்க்கிறான். காலையில் பாசஞ்சரில் போவான், பொழுது சாயும்போது பாசஞ்சரில் திரும்புவான். அன்றைக்கு அந்த ஊரில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்த நானும் அவனோடு திரும்புவதாக இருந்தது. ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் தடம் முழுவதும் சாரல்தான். ஐந்தரை மணிக்கே மலை மறைந்து, வெளிச்சம் செத்துவிடும். நான் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றேன். தம்பி நடைமேடையின் விளிம்புக்குப் போய்த் தென்காசித் திசையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் எட்டிப் பார்த்தான் என்பதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். காது கேட்பவன் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருக்கலாம். வண்டி வருகிறது என்பதை ஒலிபெருக்கி சொல்லும், ஹாரன் சொல்லும், தண்டவாளத்தின் சத்தம் சொல்லும். என் தம்பிக்கு இருப்பது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணுக்கு அந்த நடைமேடையில் ஒரு தகவலும் கிடையாது. அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதில் மாதக்கணக்காக வெறும் கோடுகள்தான் ஓடுகின்றன. ஆகவே வண்டி வருகிறதா என்று தெரிந்துகொள்ள அவன் விளிம்புக்குத்தான் போயாக வேண்டும். எந்த இடத்தில் நிற்கக்கூடாதோ அந்த இடத்துக்கு அவனைத் தள்ளுவதே இந்த ஏற்பாடுதான்.

அவன் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தபோது கிழக்கேயிருந்து, அந்த நிலையத்தில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று வந்தது. அறிவிப்பு செய்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஹாரனும் அடித்தார்கள். நடைமேடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவன் ஒருவன் திரும்பவில்லை. நான் வரிசையை விட்டு ஓடினேன், அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். முப்பது வருடம் கூடவே வளர்ந்த எனக்கே அந்த நொடியில் மறந்துபோனது, கத்தி ஒரு பயனும் இல்லை என்பது. காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள்தான் எழுந்து பாய்ந்து அவன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தார். இருவரும் விழுந்தார்கள். கத்தரிக்காய் தண்டவாளத்துக்குள் உருண்டது. அதன் மேல்தான் வண்டி போனது.

தம்பி எழுந்தபோது அவன் இடது கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்திருந்ததால் அவனால் என்னிடம் பேசவும் முடியவில்லை. கைதானே அவனுக்கு வாய்.

பிறகுதான் தலைக்கு மேலே பார்த்தேன். அவன் நின்ற இடத்துக்கு நேராக இருந்த விளக்கு எரியவில்லை. கூண்டுக்குள் செத்த ஈசல் கால்வாசிக்குக் குவிந்து கிடந்தது. அது எத்தனை மழைக்காலத்து ஈசல்! கீழே மஞ்சள் கோடு ஒன்று இருந்திருக்கிறது. கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து, சாரல் ஈரத்தில் சிமெண்டோடு சிமெண்டாகிவிட்டது. ஆனால் அதே நிலையத்தின் முகப்பில் புதிதாக வளைவு கட்டியிருக்கிறார்கள். இரவானால் அதில் விளக்குகள் நிறம் மாறி மாறி எரிகின்றன. வளைவு வரைக்கும் வயர் இழுத்தவர்களுக்கு, இன்னும் அறுபது காலடி வைத்து விளிம்பு வரைக்கும் இழுக்கத் தோன்றவில்லையா? மேம்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? ஊருக்குக் காட்டுவதற்கு விளக்கு உண்டு, உயிரைக் காப்பதற்கு இல்லை என்றால் அந்தச் சொல்லை உச்சரிக்கவே கூடாது.

நான் கேட்பது உலகத்தில் இல்லாத ஒன்றை அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில் 1976-ஆம் ஆண்டு சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. அங்கே நடைமேடையின் விளிம்பில் கருங்கல் பட்டை போட்டு, அதற்குள் வரிசையாக வட்ட விளக்குகளைப் பதித்திருக்கிறார்கள். வண்டி நெருங்கினால் அத்தனையும் விட்டுவிட்டு மின்னும். காலடியிலேயே மின்னுவதால் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாலும் கண்ணில் படும். பழைய பல்புகள் போதவில்லை என்று எல்.இ.டி. விளக்குகளாக மாற்றவும் செய்தார்கள். காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகம் இருப்பதும் அதே வாஷிங்டனில்தான்; 1864 முதல் பட்டம் கொடுக்கும் அதிகாரம் பெற்ற இடம். எங்கள் மண்ணும் இதில் இளைத்ததல்ல. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி நூறாண்டைத் தாண்டி நடக்கிறது. எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்துவிட்டு, விடுமுறைக்கு இந்த ரயில்களில்தான் வீட்டுக்குப் போகிறார்கள். என் தம்பியும் அப்படிப் போய் வந்தவன்தான். படிப்புக் கொடுக்க நூறு வருடத்துக்கு முன்பே மனம் வந்த ஊரில், பத்திரமாக நிற்க ஒரு விளக்குக் கொடுக்க இன்றைக்கு மனம் வரவில்லை.

"அது சுரங்க ரயில், இது திறந்தவெளி, மழையில் விளக்கு நிற்காது" என்றும் சொல்லிப் பார்த்தார் அந்த அலுவலர். சிக்னல் விளக்கு எங்கே நிற்கிறது? அதே மழையில், அதே வெயிலில், கம்பத்தின் மேல்தானே நிற்கிறது? அதுவும் இப்போது எல்.இ.டி. விளக்குதான். அது அணைந்தால் வண்டி நின்றுவிடும் என்பதால் உடனே ஆள் ஓடுகிறது. நடைமேடை விளக்கு அணைந்தால் நிற்பது மனிதனின் மூச்சு. அதற்கு ஓட ஆள் இல்லை.

வண்டி வருவதைக் கண்டுபிடிக்கப் புதிதாகக் கருவி வாங்க வேண்டியதும் இல்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் ஆக்சில் கவுண்டர் என்ற கருவி வண்டியின் சக்கரங்களை எண்ணுகிறது. சில இடங்களில் தண்டவாளத்திலேயே மின்சாரம் ஓடி, மேலே வண்டி ஏறியிருப்பதைச் சொல்லிவிடுகிறது. அது உடனே நிலைய அதிகாரியின் அறையில் சிவப்பாகத் தெரிகிறது. சிக்னலோடு பிணைத்த ரயில்வே கேட்டில், கேட்டைப் பூட்டாமல் வண்டிக்கு வழி கிடைக்காது. ஆக, வண்டி வருவது அறைக்குள் இருப்பவருக்குத் தெரியும், கேட்காரருக்குத் தெரியும். அந்த வண்டிக்கு இரண்டடி தூரத்தில் நிற்பவனுக்குத் தெரியாது! அறைக்குள் எரியும் சிவப்பை விளிம்பு வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும்தான் மிச்சமுள்ள வேலை. பொறியாளர்களுக்கு இது மலையைப் புரட்டும் காரியம் என்றால் நான் நம்பமாட்டேன்.

பார்வை இல்லாதவர்களுக்கென்று புடைப்பு வைத்த மஞ்சள் கற்களைப் பதிக்கிறார்களே, அதை 1965-இல் ஜப்பானில் செய்ஈச்சி மியாகே என்பவர் உருவாக்கினார். 1967-இல் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்தார்கள். அந்த ஒரு மனிதரின் யோசனை நம் பெரிய நிலையங்கள் வரைக்கும் வந்துவிட்டது. வேண்டும் என்று நினைத்தால் வரும். சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் வண்டிக்கும் ஆளுக்கும் நடுவே கண்ணாடிக் கதவே வைத்திருக்கிறார்கள். வண்டி வந்து நின்ற பிறகுதான் அது திறக்கும். தலைநகரத்து உயிருக்குக் கதவு, தாமிரபரணிக் கரை உயிருக்கு ஒரு பல்பு கூடக் கிடையாதா?

சட்டம் இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. ரயில் நிலையங்களையும் சேர்த்தே அது பேசுகிறது. அணுகல் வசதி என்பது விருப்பப்பட்டால் செய்யும் காரியம் அல்ல, கட்டாய விதி வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்த விவரத்தை இரண்டாவது மனுவில் எழுதினேன். ரசீது கொடுத்தார்கள். மூன்றாவது மனுவுக்கும் ரசீது கொடுத்தார்கள். ஈசல் நிறைந்த அந்த விளக்குக் கூண்டு நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

தம்பி இப்போது விளிம்புக்குப் போவதில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துத் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். மற்றவர்கள் எழுந்து நடந்தால் அவனும் நடக்கிறான். கூட்டம் முண்டியடித்து ஏறிய பிறகு கடைசி ஆளாக ஏறுகிறான். இரண்டு முறை வண்டியைத் தவறவிட்டு, ராத்திரி பஸ்ஸில் வந்து சேர்ந்தான். நன்றாகத் தைக்கிற, நன்றாகச் சம்பாதிக்கிற ஒருவனை இப்படி ஒதுங்கி நிற்க வைத்திருக்கிறீர்கள்.

வருகிற திங்கட்கிழமை நான்காவது மனு கொடுக்கப் போகிறேன். இந்த முறை தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கேள்வியை அவன் தன் கையால் கேட்பான். பக்கத்தில் நின்று நான் வாயால் சொல்வேன். அறிவிப்பு செய்தோமே என்ற அந்தப் பதிலை அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்லட்டும்.