"இவ்வளவு முத்துற வரைக்கும் என்ன பண்ணீங்க?"

நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வந்து நிற்கும் ஏழையிடம் மருத்துவர் இப்படிக் கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அறியாமைதான் காரணம் என்று கேட்பவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

அறியாமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தில் இருமலும் இடுப்புவலியும் நோயில் சேர்த்தியே இல்லை. எழுந்து வேலைக்குப் போக முடிந்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை; படுத்துவிட்டால்தான் நோய். அதிலும் சம்பாதிக்கிறவர் படுத்தால் ஒரு கணக்கு, வயதான தாய் படுத்தால் வேறு கணக்கு. பெண்கள் பலர் தங்கள் வலியை வெளியே சொல்வதே இல்லை.

படுத்த பிறகும் முதலில் கைவைத்தியம். அப்புறம் மருந்துக்கடையில் இரண்டு வேளைக்கு மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால், பக்கத்திலேயே ஊசி போடும், பட்டமில்லாத ஒருவர். அவரால் ஆபத்து உண்டு. தேவையில்லாத ஸ்டீராய்டும் அரைகுறையாகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கும் உடம்பைக் கெடுக்கும். ஆனால் அவர் ராத்திரி கூப்பிட்டாலும் வருகிறார், காசைப் பிறகு வாங்கிக்கொள்கிறார், அதட்டுவதில்லை. இந்த மூன்றும் வேறு எங்கே கிடைக்கிறது?

மருந்து இலவசம்தானே என்பார்கள். சரி, காசநோயை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோருக்கு 6 மாதச் சிகிச்சை. ஆனால் சில வாரங்களிலேயே காய்ச்சலும் இருமலும் தணிந்துவிடும். ஆள் எழுந்துவிட்டார், அவர் கணக்கில் நோய் போய்விட்டது, மாத்திரையும் நிற்கிறது. பிறகு அந்தக் கிருமி, மருந்துக்கு அடங்காமல் திரும்பலாம். மாத்திரை இலவசம் என்றாலும் வழிச்செலவும் போன கூலியும் இலவசமில்லையே. ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காசநோயால் கரைந்தால் அதைப் பேரிழப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல நாடுகளில் எடுத்த கணக்கில், காசநோய் வந்த குடும்பங்களில் ஏறக்குறைய பாதி அந்த நிலையில் இருந்தன.

பேறுகால மரணங்களை ஆராய்ந்த தாதியஸ், மெய்ன் என்ற இருவர் 1994-இல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில். நாம் முதல் தாமதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு திட்டுகிறோம். அந்தத் தயக்கத்தை வளர்ப்பதே மற்ற இரண்டும்தான். போன முறை நாள் முழுக்கக் காத்திருந்து, திட்டு வாங்கி, மருந்தில்லாமல் திரும்பியவர் இந்த முறை எப்படி உடனே கிளம்புவார்?

வந்தவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். எப்படி வந்தீர்கள், இன்றைய கூலி போயிற்றா, அடுத்த தடவை வர என்ன வழி என்று கேளுங்கள். அவர் சொல்வதை வைத்து மருந்துச் சீட்டை எழுதுங்கள்.