பழைய லிங்க்கைச் சாகடித்துவிட்டுப் புதுத் தளம் திறக்காதீர்கள்

"தளத்தைப் புதுப்பித்துவிட்டேன், வந்து பாருங்கள்" என்று யாராவது பதிவு போட்டால் நான் முகப்புப் பக்கத்துக்குப் போவதில்லை. அவருடைய பழைய கட்டுரை ஒன்றின் லிங்க்கை எங்கிருந்தாவது தேடி எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் 404தான், அதாவது 'அந்தப் பக்கம் இங்கே இல்லை' என்ற பதில். எழுத்துருவுக்கும் நிறத்துக்கும் மாதக்கணக்கில் மெனக்கெட்டவர்கள் இதற்கு ஒரு சாயங்காலத்தைக்கூட ஒதுக்குவதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு, அதனால்தான் இந்த நீளப் பதிவு.

என் நட்பு வட்டத்தில் பலர் பிளாக்ஸ்பாட்டையும் வேர்ட்பிரஸையும் விட்டு ஸ்டாட்டிக் தளத்துக்கு, அதாவது முன்கூட்டியே செய்துவைத்த ஃபைல்களை அப்படியே காட்டும் தளத்துக்கு மாறுகிறார்கள். நல்ல விஷயம்தான். அந்த ஃபைல்களைச் செய்துதர ஹியூகோ, ஜெக்கில் மாதிரி ஒரு கருவி, கிட்ஹப்பில் இலவச இடம், டேட்டாபேஸ் தொல்லை கிடையாது. ஆனால் வேர்ட்பிரஸில் வெளியிட்ட பதிவின் பெயரை மாற்றினால், பழைய பெயரை அது டேட்டாபேஸில் குறித்து வைத்துக்கொண்டு, பழைய லிங்க்கில் வருகிறவரைப் புதியதுக்கு அனுப்பிவிடும். நமக்கே தெரியாமல் நடக்கிற சேவை. ஸ்டாட்டிக் தளத்தில் அப்படி யாரும் இல்லை. ஃபைல் எங்கே இருக்கிறதோ அதுதான் முகவரி. ஃபோல்டர் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் அத்தனை முகவரியும் மாறிவிடும். முன்பு என்னவாக இருந்தது என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

தமிழில் பிளாக் எழுதியவர்களுக்கு ஒரு தனிச் சோதனை இருக்கிறது. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், பிளாக்ஸ்பாட்டை நடத்தும் கூகுளின் பிளாக்கருக்கு அதிலிருந்து முகவரி செய்யத் தெரியாது. 'பிளாக்-போஸ்ட்' என்று வைத்துவிட்டு, அடுத்த பதிவுக்கு ஒரு அடிக்கோடும் எண்ணும் சேர்க்கும். முகவரி இப்படி இருக்கும்: 2012, 05, பிளாக்-போஸ்ட்_23.ஹெச்டிஎம்எல். புறநானூறும் சாம்பார்ப் பொடியும் ஒரே பெயரில் நிற்கும். புதுத் தளம் கட்டும்போது முதலில் இந்த அசிங்கத்தை ஒழிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும்.

ஒழிக்காதீர்கள் என்பேன். யாரோ ஒருவரின் பதிவிலும், விக்கிப்பீடியா மேற்கோளிலும், ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலும் உட்கார்ந்திருப்பது அந்த அசிங்கமான முகவரிதான். ஹியூகோவில் பதிவின் தலைப்பகுதியில் 'யூஆர்எல்' என்று ஒரு வரி சேர்த்து, பழைய பாதையை எழுத்து மாறாமல் கொடுத்தால் பக்கம் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரீடைரக்டே, அதாவது பழைய முகவரியில் வருகிறவரைப் புதியதுக்குத் திருப்பிவிடும் வேலையே வேண்டாம். மொபைலில் பகிரும்போது பிளாக்கர் ஒட்டிவிடும் அந்தக் கேள்விக்குறி, எம்=1 வாலைப் பற்றியும் கவலை இல்லை; ஸ்டாட்டிக் சர்வர் அதைக் கண்டுகொள்ளாது. இனி எழுதப்போகும் பதிவுகளுக்கு அழகான முகவரி வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

ஆனால் இதெல்லாம் பிளாக்கைச் சொந்த டொமைனில், அதாவது காசு கொடுத்து வாங்கிய இணையப் பெயரில் நடத்தியவர்களுக்கு. பிளாக்ஸ்பாட் பெயரிலேயே இருந்தவர்கள் பாடு கஷ்டம். பிளாக்கரின் ரீடைரக்ட் வசதி அதே பிளாக்குக்குள் மட்டும் வேலை செய்யும், வெளியே அனுப்பாது. அவர்கள் பழைய பிளாக்கை அழிக்காமல் விட்டு, ஒவ்வொரு பதிவின் மேலேயும் புது முகவரியை ஒட்டிவைத்தால் போதும்.

அடுத்தவர் கொடுத்த பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிளாக்ஸ்பாட் டாட் இன்னைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2012 தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களை கூகுள் டாட் காமிலிருந்து டாட் இன்னுக்குத் திருப்ப ஆரம்பித்தது. நாம் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து எங்கெங்கோ ஒட்டியதெல்லாம் டாட் இன் ஆகிப்போனது. 2020இல் அந்த டொமைன் கூகுளின் கையை விட்டு வேறொருவரிடம் போய்விட்டது. பதிவுகள் அழியவில்லை, டாட் காமில் பத்திரமாக இருக்கின்றன. 'இன்'னை அடித்துவிட்டு 'காம்' என்று மாற்றினால் இப்போதும் திறக்கும். ஆனால் அதைச் செய்துபார்க்க எத்தனை வாசகருக்குத் தோன்றும்? சொந்த டொமைனுக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம். தீவிரமாக எழுதுகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

சரி, முகவரியை மாற்றியே ஆக வேண்டிய இடமும் வரும். அப்போது 301 என்ற எண்ணோடு திருப்பிவிட வேண்டும். 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டேன்' என்று அதற்குப் பொருள். 302 என்றால் தற்காலிகம். கிட்ஹப் பேஜஸ் நமக்கு இந்த இரண்டு வசதியையும் தருவதில்லை. அங்கே ஹியூகோவின் 'ஏலியாஸ்', ஜெக்கிலின் ரீடைரக்ட் பிளக்இன் இரண்டும் பழைய இடத்தில் ஒரு குட்டிப் பக்கத்தை வைத்து, அது திறந்த நொடியே புதிய பக்கத்துக்குத் தள்ளிவிடும். மட்டமான வழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கூகுளே இதை நிரந்தர ரீடைரக்டாக எடுத்துக்கொள்கிறது, நமக்கு என்ன?

கிட்ஹப் மாதிரியே தளத்துக்கு இடம் தரும் நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இரண்டிலும் இன்னும் வசதி. 'அடிக்கோடு ரீடைரக்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஒரு வரிக்கு ஒரு ஜோடி: பழைய பாதை, ஒரு இடைவெளி, புதிய பாதை. கடைசியில் அந்த எண்ணையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் நெட்லிஃபை அதை 301 என்று எடுத்துக்கொள்ளும், கிளவுட்ஃபிளேர் 302 என்று எடுத்துக்கொள்ளும். அதே ஃபைலை இங்கிருந்து அங்கே கொண்டுபோனால் அர்த்தமே மாறிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. இன்னொன்று, 301ஐ பிரவுசர்கள் நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்ளும். தப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டுப் பிறகு திருத்தினாலும், ஏற்கெனவே வந்து போனவருக்குப் பழைய தப்பே தொடரலாம். சந்தேகம் இருந்தால் முதலில் 302 போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று: காணாமல்போன எல்லா முகவரியையும் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது. பல் வலிக்கிறது என்று வந்தவரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி "உள்ளே எல்லாம் இருக்கு, தேடிக்கோங்க" என்று சொல்வதற்குச் சமம். கூகுளும் இதை மறைமுக 404 என்றுதான் கணக்கில் வைக்கும். பக்கத்தை நிஜமாகவே நீக்கிவிட்டீர்களா? நீக்கிவிட்டேன் என்று சொல்லுங்கள். 410 என்ற எண் அதற்காகவே இருக்கிறது.

இனி சண்டை வரப்போகிற இடம். முகவரியைத் தமிழ் எழுத்தில் வைக்கலாமா? ஸ்டாட்டிக் தளத்தில் வேண்டாம் என்பதே என் கட்சி. பிரவுசரின் மேல்பட்டையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டினால் தெரியும் சங்கதி. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். 'தமிழ்' என்ற ஒரே சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடு, அதற்கு 45 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம் தரும், அதாவது 22 தமிழ்க் குறியீடு. மெய்யின் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால் பல தலைப்புகள் நடுவிலேயே அறுந்துபோகும். அங்கிருந்து இடம்பெயர்கிறவர்கள் தலைப்பைப் பார்த்து முகவரியைத் தாங்களே உருவாக்காமல், அறுந்த பெயரை அறுந்தபடியே எடுத்துவர வேண்டியது இதனால்தான்.

அதைவிடப் பெரிய வம்பு 'கொ'. இதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, லினக்ஸ் சர்வருக்கோ இரண்டும் வேறு வேறு பெயர். மேக் கணினிகளின் பழைய ஃபைல் அமைப்பு இதைப் பிரித்தேதான் சேமிக்கும். 'கொடைக்கானல்' என்று பெயர் வைத்த ஃபோல்டரை அங்கிருந்து அப்படியே ஏற்றினால், உங்கள் கணினியில் திறக்கிற பக்கம் சர்வரில் 404 தரும். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் எழுத்து சரியாகவே இருக்கும்.

தமிழ் விக்கிப்பீடியா தமிழ் முகவரியில்தானே ஓடுகிறது என்பீர்கள். ஓடுகிறது. அங்கே இந்த இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்க மென்பொருள் இருக்கிறது, மாற்றுப் பெயர்களுக்கெல்லாம் வழிமாற்றுப் பக்கம் போட்டுவைக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். நம் தளத்தில் இருப்பது ஒரு ஃபோல்டர். ஆங்கிலச் சின்ன எழுத்தில் இரண்டு மூன்று சொல், நடுவில் சிறு கோடு, தேதியும் வகையும் இல்லாமல் வைத்தால் போதும். தமிழ்ப் பற்றைக் கட்டுரையில் காட்டிக்கொள்ளலாம்.

மாறப்போகிறவர்கள் பழைய தளம் உயிரோடு இருக்கும்போதே அதன் சைட்மேப்பை, அதாவது தளத்தின் முகவரிப் பட்டியலை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். புதுத் தளம் ஏறிய பிறகு அதிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மூலம் தட்டிப் பார்த்து, 200ஓ ('பக்கம் இருக்கிறது' என்று பொருள்) 301ஓ வராததை எல்லாம் சரி செய்யுங்கள். ரீடைரக்டை ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்கிறது கூகுள். அந்தக் கணக்கு தேடுபொறிக்கு. அச்சில் ஏறிப்போன ஒரு அடிக்குறிப்பை யார் எப்போது புரட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? கிளவுட்ஃபிளேர் அந்த ஃபைலில் 2000 நேரடி வரிகள் வரை ஏற்றுக்கொள்கிறது. எதையும் அழிக்க வேண்டிய அவசியம் நம்மில் யாருக்கும் வரப்போவதில்லை.