அம்மாச்சிகிட்ட இருந்து எனக்கு என்ன வந்துச்சு?

போன மாதம் மகள் பள்ளியில் கணக்குப் போட்டி. நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் அவளுக்கு இரண்டாம் பரிசு. ஒரு டிபன் பாக்ஸும் சான்றிதழும் கொடுத்தார்கள். மாமா சான்றிதழை வாங்கி ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்க ரத்தம் வேற எப்படி இருக்கும்?" என்றார். அத்தை உடனே, "உங்கப்பா மளிகைக் கடையில மனக்கணக்காவே மொத்தத்தையும் சொல்லிடுவாரே, அந்த மூளைதான்" என்றார். போனில் வந்த சின்ன மாமனார், பாங்கில் வேலை பார்த்த தன் அக்காவையும் சேர்த்துக்கொண்டார்.

என் அம்மாவும் அன்று அங்கேதான் இருந்தார். பேத்திக்குப் பிடிக்கும் என்று அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு லால்குடியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பிரசவ அறையிலிருந்து குழந்தையை வெளியே கொண்டு வந்த நாளிலேயே இது ஆரம்பித்துவிட்டது. "அப்படியே எம் மவன உரிச்சு வெச்சிருக்கு" என்று அத்தை கண்கலங்கிச் சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் பிள்ளையின் முகத்தை முப்பது வருடம் கழித்து மறுபடி கையில் ஏந்துவது சின்ன விஷயமா? அதை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் பிறகு கன்னக்குழி அவர்கள் பக்கம், சுருட்டை முடி அவர்கள் பக்கம், குரல், நடை, கையெழுத்து எல்லாமே அவர்கள் பக்கம் என்று ஆனது. வீசிங் வந்தபோது, "உங்க வீட்டுல யாருக்காவது இருக்காம்மா?" என்று கேட்டார்கள். கண்ணாடி போட்டபோது என் அண்ணனின் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது. கடையில் பொம்மை கேட்டு அடம்பிடித்து அழுதால் மட்டும், "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை."

இப்போது கணக்குக்கு வருகிறேன். லீவு விட்டாலே மகள் லால்குடியில்தான் இருப்பாள். மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மாவோடு எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். ஐந்து வயதில் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டாள். 15 புள்ளியில் ஆரம்பித்து 8 வரை போகும் ஊடுபுள்ளிக் கோலம் ஒன்று உண்டு. நடுவில் 15, மேலும் கீழும் 14, 13, 12 என்று குறைந்துகொண்டே போய் 8-ல் நிற்கும். "மொத்தம் எத்தனை புள்ளி அம்மாச்சி?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அம்மா அவளைத் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். 14-ம் 8-ம் 22, 13-ம் 9-ம் 22, 12-ம் 10-ம் 22, மிச்சம் 11. ஆக 77. மேலே 77, கீழே 77, நடுவில் 15. மொத்தம் 169. எண்களை ஜோடி சேர்த்துக் கூட்டும் இந்த வழியைப் பள்ளியில் சொல்லித் தருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அவள் வாசலில் படித்துவிட்டாள்.

கோலத்தைச் சின்ன விஷயமாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்துக்குள் இருக்கும் கணித ஒழுங்கைப் பற்றி 1974-லேயே கணினித்துறை ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். என் அம்மா கையில் இருப்பதும் அந்த ஒழுங்குதான்.

மாமா செய்வதை நான் மறைக்கவில்லை. தினமும் சாயங்காலம் வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பது அவர்தான். அந்தப் பரிசில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததால் வந்ததுதானே? அதை ரத்தம் என்று சொல்லும்போது, அவர் தன் உழைப்பையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்.

சரி, ரத்தம் என்றே பேசுவோம். 46 குரோமோசோமில் 23 அப்பாவுடையது, 23 அம்மாவுடையது. தாத்தா பாட்டி நால்வருக்கும் சராசரியாகக் கால் கால் பங்கு. செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. அம்மா வழியில் மட்டுமே வருகிறது. என் மகளிடம் இருப்பது என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்து, என் வழியாக அவளுக்குப் போனது. இன்னொன்றும் உண்டு. பெண் குழந்தைக்குக் கருமுட்டைகள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அப்படியென்றால், என் மகள் எந்த முட்டையிலிருந்து வந்தாளோ அது நான் என் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே எனக்குள் உருவானது. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தவர் அவளையும் கொஞ்ச காலம் சுமந்தவர்.

என் பிறந்த வீட்டிலும் இதே தப்பு நடக்கிறது. அண்ணன் மகன் பாடினால் என் பெரியம்மா, "நம்ம வீட்டுக் குரல்" என்பார். அண்ணி பத்து வருடம் பாட்டு படித்தவர். அவரை வைத்துக்கொண்டே அப்படிச் சொல்வார். நானும் அங்கே உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். இந்தத் தீபாவளிக்குப் போனபோது அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அழுதுவிட்டார்.

பெரியவர்கள் மனசு கஷ்டப்படுவது ஒரு பக்கம். குழந்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வளர்கிறது. பரிசு வாங்கிய அன்று ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அம்மா, அம்மாச்சிகிட்ட இருந்து எனக்கு என்ன வந்துச்சு? வீசிங் மட்டுமா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கமே வரவில்லை.

கணவரிடம் சொன்னேன். "வயசானவங்க, விடு" என்றார். இதுதான் எனக்கு ஒத்துக்கொள்ள முடியாத இடம். மருமகள் வாயைத் திறந்தால் சண்டை என்று ஆகிவிடும். மகன், "அம்மா, அது அவங்க அம்மாச்சி சொல்லிக் கொடுத்ததும்மா" என்று ஒரு வரி சொன்னால் சாதாரணப் பேச்சாகப் போய்விடும். கல்யாணமான ஆண்களே, அந்த ஒரு வரியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவர் சொல்வதற்காக நான் காத்திருக்கவில்லை. மறுநாள் காய் நறுக்கும்போது அத்தையிடம் பேசினேன். ஆண்பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும், அவர் அதைத் தன் மகளுக்குக் கிட்டத்தட்ட அப்படியே கொடுப்பார், அதனால் உங்களுடைய ஒன்று முழுசாக இவளிடம் இருக்கிறது அத்தை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அம்மாவைப் பற்றிச் சொன்னேன், அந்த 169 புள்ளியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம், "அன்னிக்கு அவங்க நின்னுக்கிட்டே இருந்தாங்கல்ல?" என்று கேட்டார்.

"ஆமாம் அத்தை" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா வருகிறார். மகள் அம்மாச்சிக்காகக் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.