அந்தத் தாமரைக்குளம் நகல் அல்ல

"கிளிநொச்சியில் வைத்த தாமரைக்குள ஓவியம், மகேந்திரவர்ம பல்லவன் வரைவித்த சித்தன்னவாசல் ஓவியத்தின் அப்பட்டமான நகல்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

மகேந்திரவர்மன் பெயர் பழைய புத்தகங்களிலிருந்து வருவது. சித்தன்னவாசல் புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சமணக் குடைவரை. அங்கே பின்னர் கண்டறியப்பட்ட கல்வெட்டு, மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தை, அதாவது கருவறைக்கு முன்னுள்ள மண்டபத்தை, புதுப்பித்ததைச் சொல்கிறது. காலம் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனுடையது, 9ஆம் நூற்றாண்டு. இன்று எஞ்சியிருக்கும் விதான (உட்கூரை) ஓவியத்தை ஆய்வாளர் பலரும் அக்காலத்தோடுதான் சேர்க்கிறார்கள்.

அடுத்து, நகல் என்ற பழி. சித்தன்னவாசலில் தாமரை பறிப்பவர்கள் ஆண்கள். மீன், அன்னம், யானை எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். கிளிநொச்சி ஓவியத்தை நான் நேரில் பார்த்தேன். இடுப்பளவு நீரில் ஒரு பெண் நிற்கிறாள், பக்கத்தில் நெளிந்த அலுமினியக் குடம் மிதக்கிறது. கரையில் தலையிழந்த பனைகள். இலையின் வளைவும் கோட்டின் ஓட்டமும் பழையவை, உண்மைதான். குளமோ நம் வன்னிக் குளம். அந்தப் பனைகளை எந்தப் பாண்டிய ஓவியரிடமிருந்து எடுத்திருக்க முடியும்? நகல் என்று எழுதியதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். வரைந்த பிள்ளையும் இதையெல்லாம் வாசிக்கக்கூடும்.