ராத்திரி 1.40 மைவி

ராத்திரி மணி 1.40. முதலில் மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு காரின் உறுமல் கேட்கும். அப்புறம் அதை ஓட்டும் பையன் கோயில் முக்கில் இருக்கும் மேட்டுக்காகக் கியரை இறக்குவான். பட், பட், படார். அடுத்து எங்கள் வரிசை. எங்கள் வீட்டு அடுக்குக் கண்ணாடி ஜன்னலில் ஒரே ஒரு கண்ணாடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அது மட்டும் தனியாகக் கிணுகிணுக்கும். "வந்துட்டான்" என்பேன். "தெரியுது, தூங்குங்க" என்பார் வீட்டுக்காரம்மா. கேட் திறக்கிற சத்தம், எஞ்சினை நிறுத்தும் முன்னால் கடைசியாக ஒரு முறுக்கு. அந்தக் கடைசி முறுக்கு எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முன் அறையில் படுத்திருக்கும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். லிந்தாங் பக்க ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு, எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார். "பெரட்டுக்கு நேரமாச்சாய்யா?" என்று, தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பதை நினைத்து, போன மாதம் ஒரு நாள் கேட்டார். "இல்லம்மா, மைவி கார்" என்றேன்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்சாப் குழுவில் போன வாரம் நடந்த கூத்து. யாரோ அந்தக் காரின் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார். உடனே ஆரம்பித்தது. போலீஸைக் கூப்பிடு என்றார் ஒருவர். டயரைக் குத்து என்றார் இன்னொருவர் (கோயில் கமிட்டியில் இருப்பவர்!). பையன் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசு, உங்களுக்கு ஏன் எரியுது என்றார் மூன்றாமவர். காலையில் பார்த்தால் இருநூறு செய்திக்கு மேல். அத்தனை பேரில் அந்தப் பையனிடம் நேரில் பேசியவர் ஒருத்தரும் இல்லை. அவன் வீடு என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. எட்டு மாதமாக நானும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேசாததற்கு ஒரு காரணம் உண்டு. 1998ல் எனக்கு 23 வயது. கையில் ஒரு பழைய புரோட்டான் வீரா கார். ஈப்போவில் போய் டின் அளவுக்கு வாய் அகன்ற எக்சோஸ் (புகைக்குழாய்) ஒன்று மாட்டிக்கொண்டு, சுங்கை சிப்புட் வரை முப்பது கிலோமீட்டரும் காதில் தேன் பாய வந்தேன். லயத்து வாசலில் அப்பா நின்றிருந்தார். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "லோரி வாங்கியிருக்கியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் கழற்றிவிட்டேன். ஆகவே ஊருக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்குக் கொஞ்சம் கம்மி.

சரி, அந்தக் குழாய்க்குள் என்னதான் நடக்கிறது? எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்பும் ஓர் அழுத்த அலையை வெளியே தள்ளுகிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 வெடிப்பு. கம்பெனி போட்டுத் தரும் சைலன்ஸருக்குள் சின்னச் சின்ன அறைகளும் துளை போட்ட குழாய்களும் இருக்கும். அலை உள்ளே போய் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு முட்டி இரண்டும் அடங்கும். அதற்கு முன்னால் ரெசொனேட்டர் என்று ஒரு சின்ன உருளை. மண்டைக்குள் ஊம் என்று இரைகிற அந்தத் தொனியைப் பிடித்து அமுக்குவது அதன் வேலை. பையன்கள் முதலில் வெட்டி எடுப்பது அதைத்தான். சைலன்ஸருக்குப் பதில் வருவது ஏறக்குறைய ஒரு நேர்க்குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. பஞ்சு சூட்டில் கருகிப் போகப் போக, வாங்கிய அன்று கேட்ட சத்தத்தைவிட இன்னும் கூடும்.

நொடிக்கு 100 அதிர்வு என்றால் அலையின் நீளம் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த மாதிரி தடித்த சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும். திரைச்சீலை, சீலிங் பலகை, தகரக் கூரை எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. "ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்குங்க அங்கிள்" என்று குழுவில் அறிவுரை சொன்ன தம்பி, ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி வந்து சாத்திக்கொண்டு படுத்துப் பார்க்கட்டும்.

அந்த 'பட், படார்' இருக்கிறதே, அது தானாக வருவதும் இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டரில் கை வைத்து, எண்ணெய் மிதியை விட்ட பிறகும் பெட்ரோலை உள்ளே விட்டு, தீப்பொறியைத் தாமதப்படுத்தினால், மிச்சப் பெட்ரோல் எக்சோஸுக்குள் போய் வெடிக்கும். வழியில் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசியிருக்கிறார்கள். இந்தச் சூட்டில் அது சீக்கிரம் செத்துப்போகும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலைப் பட்டாசாகக் கொளுத்தி, அந்தப் பட்டாசுக்காகவே வண்டியில் விலை கூடின சாமானையும் எரிக்கிற கணக்கு எனக்குப் புரியவே இல்லை. தீபாவளிக்காவது பலகாரம் கிடைக்கும்.

"கொஞ்சம்தானே கூட" என்பவர்களுக்கு: டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். இருபது கூடினால் நூறு மடங்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டி, ராத்திரியில் சாலை வாகனச் சத்தம் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நாம் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவதே 60 வரும். ஆனால் அந்தச் சராசரி என்ற சொல்லில்தான் எனக்குச் சண்டை. 1.40க்கு வெடிக்கும் மூன்று வெடி ராத்திரி முழுக்க எடுத்த சராசரியில் காணாமல் போய்விடும். அம்மா எழுந்து உட்காருவது எந்தச் சராசரியில் வருகிறது?

மலேசியாவில் இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மோட்டார் வாகனச் சத்தத்துக்கென்றே சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1987லேயே விதிமுறை போட்டாகிவிட்டது. குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைச் சாய்வில் மீட்டரை வைத்து அளக்கும் முறைகூட உண்டு. அந்த மீட்டரைத் தூக்கிக்கொண்டு ராத்திரி 1.40க்கு எங்கள் தாமானுக்கு யார் வருவது? லோரி, பஸ் எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போயே ஆக வேண்டும். சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயர் மாற்றும்போதுதான் பெரும்பாலும் போகிறது. நடுவில் பத்து வருஷம் அடியில் என்ன தொங்கினாலும் குனிந்து பார்க்க ஆள் கிடையாது. என்னைக் கேட்டால் பிடிக்க வேண்டிய இடம் ரோடு இல்லை, அதை வெல்டிங் வைத்துக் கொடுக்கும் கடை. வெட்டி எடுக்கும்போது "தம்பி, இது ராத்திரி ஊரை எழுப்பும்" என்று ஒரு வார்த்தை சொல்லாத தவுக்கே (கடை முதலாளி) மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

கோயில் திருவிழாவில் நீங்கள் ஸ்பீக்கர் கட்டுவதில்லையா என்று கேட்பார்கள். கட்டுகிறோம், அதிலும் பாதி தேவையில்லாத சத்தம், ஒப்புக்கொள்கிறேன். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், கமிட்டி என்னை வெளியேற்றிய பிறகு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். பையன் கார் கழுவிக்கொண்டிருந்தான். பேசினால்தான் தெரிகிறது: ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் ஷிஃப்ட், முடிய நடுராத்திரி ஆகிவிடும். வழியில் ஒட்டுக்கடையில் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வர மணி 1.40. நானோ அவன் ஊர் சுற்றிவிட்டு வருகிறான் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எக்சோஸ் எதற்கு என்றேன். "பிக்கப் ஏறும் அங்கிள்." ஏறிச்சா? சிரித்தான். "கொஞ்சம்." பிறகு அவன் சொன்னதுதான் முக்கியம்: "உள்ள இருந்தா அவ்ளோ சத்தம் கேக்காதே அங்கிள்."

பொய் சொல்லவில்லை. குழாயின் வாய் அவனுக்குப் பின்னால். கண்ணாடி ஏற்றியிருக்கும், ஏர்கான் ஓடும், பாட்டு ஓடும். அவன் காதுக்கு வருவது ஒரு பங்கு, பின்னால் எங்கள் வரிசையில் இறங்குவது மிச்சம் அத்தனையும். 1998ல் எனக்குத் தேனாகக் கேட்டதும் அப்பாவுக்கு லோரியாகக் கேட்டதும் இதனால்தான். சம்மனும் வாட்சாப்பும் பிறகு வரட்டும், முதலில் அவனுக்கு அவன் சத்தத்தைக் கேட்கக் கொடுக்க வேண்டாமா?

"சாவியைக் கொடு, நீ போய் என் வீட்டில் உட்கார்" என்றேன். தயங்கினான். என்னைப் பார்த்தான், காரைப் பார்த்தான், கொடுத்தான். மெயின் ரோடு வரை போய்த் திரும்பினேன். கோயில் முக்கில் அவன் செய்வது மாதிரியே கியரை இறக்கினேன், படார். (உண்மையைச் சொன்னால் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.) எங்கள் வரிசையில் நுழைந்து, வாசலில் நிறுத்தி, கடைசியாக அந்த முறுக்கையும் முறுக்கினேன்.

அவன் ஜன்னல் பக்கத்தில் நின்றிருந்தான். நாற்காலியில் அம்மா. பகல் மூன்று மணிக்கே அம்மாவின் கை மார்பில் இருந்தது.

"அங்கிள், இந்தக் கண்ணாடி ஆடுது" என்றான்.

"எட்டு மாசமா ஆடுது தம்பி."

அம்மா அவனுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். குடித்தான். அவன் தாத்தாவும் அதே லிந்தாங் பக்கம்தான் வெட்டினாராம், அம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அப்புறம் அரை மணி நேரம் எக்சோஸ் பேச்சே இல்லை.

கம்பெனி எக்சோஸை அப்போதே விற்றுவிட்டானாம். செவ்வாய்க்கிழமை தவுக்கேயிடம் விசாரித்தோம்: செகண்ட்ஹேண்ட் சைலன்ஸர், ரெசொனேட்டர், வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து 220 வெள்ளி (ரிங்கிட்). அதைக் கழற்றிவிட்டு இந்தச் சத்தக் குழாயை மாட்ட அவன் கொடுத்தது 900. இப்போதைக்கு மேட்டில் கியரை இறக்காமல் மெதுவாக உருட்டி வருகிறான், அந்தக் கடைசி முறுக்கும் நின்றுவிட்டது. சம்பளம் 28ஆம் தேதி, அதற்குப் பிறகு வரும் சனிக்கிழமை வண்டியைக் கொண்டுபோகிறோம். பாதிக் காசு நான் போடுகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்தப் பதிவுக்கு யாரும் அவரை டேக் செய்யாதீர்கள்.