பட்டன் இருக்கிறது, விரல் போக வழியில்லை

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டையும் அதற்குக் கீழே நடந்த பேச்சையும் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனை டோக்கன் போடும் செயலியில், உறுதிசெய்யும் பச்சைப் பட்டன் அம்மாவின் ஃபோனில் பேக், ஹோம் பட்டன்களுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்ட படம் அது. முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தச் செயலியைச் செய்த குழுவில் இருக்கும் தம்பி எழுதிய பதில் மூன்று நாளாக மனதை விட்டுப் போகவில்லை. "எங்க பக்கம் எந்தப் பிரச்சினையும் இல்லக்கா. அம்மா ஃபோன்ல ஜெஸ்சர் மோடு போட்டு விடுங்க, சரியாயிடும்." பேக், ஹோம் பட்டன்களை எடுத்துவிட்டு, திரையை விரலால் இழுத்தே ஃபோனை ஓட்டும் முறைதான் ஜெஸ்சர் மோடு. அதற்குக் கீழே இன்னொருவர், "கட்டைவிரல் அகலத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்டிருந்தார். அதற்கு விழுந்த லைக்குகளில் எனக்குத் தெரிந்த பெயர்களும் இருந்தன. என்னோடு ஒரே ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

ஆமாம், கட்டைவிரல் அகலத்துக்குத்தான். விரல் தொட வேண்டிய இடத்தைப் பற்றிப் பேசும்போது வேறு எந்த அளவைப் பேசுவது?

பட்டனைத் திரையில் வரைந்துவிட்டால் வேலை முடியவில்லை. விரல் அதைத் தொட வேண்டும், தொட்டால் அது வேலை செய்ய வேண்டும். தொட முடியாத பட்டன் பட்டனே இல்லை. இந்த ஒன்றைத்தான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

அம்மா மஞ்சக்குப்பத்தில் தனியாக இருக்கிறாள். நான் முத்தியால்பேட்டையில். சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டதால் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அடிக்கடி வர வேண்டியிருக்கிறது. முன்பு காலை முதல் பஸ் பிடித்து முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வந்து வரிசையில் நின்று டோக்கன் வாங்குவாள். செயலி வந்ததும் அந்த அலைச்சல் போனது. காலை ஆறு மணிக்கு டோக்கன் திறக்கும், வீட்டிலிருந்தே போட்டுவிடலாம். அதைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன்: பிரிவு, மருத்துவர், தேதி, கடைசியில் பச்சைப் பட்டன். நாலைந்து மாதம் ஒரு தவறும் இல்லாமல் அவளே போட்டுக்கொண்டாள். அதில் அவளுக்கு இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அவள்தான் போட்டுக் கொடுப்பாள்.

போன வாரம் புது அப்டேட் வந்தது. பச்சைப் பட்டன் கீழே இறங்கி, ஃபோனின் பேக், ஹோம் பட்டன்களுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மா பச்சையை அழுத்துகிறாள், ஹோம் அதை வாங்கிக்கொள்கிறது. செயலி மறைந்து, அவள் வைத்திருக்கும் முருகன் படம் வந்து நிற்கிறது. திரும்பத் திறக்கிறாள், பிரிவு, மருத்துவர், தேதி என்று முதலிலிருந்து வருகிறாள், பச்சையை அழுத்துகிறாள், மறுபடி முருகன். நாலைந்து தடவை இப்படியே. ஆறரைக்குள் டோக்கன் தீர்ந்துவிட்டது.

பத்து மணிக்கு நானாகக் கூப்பிட்டபோதுதான் சொன்னாள். "நான் எதையோ அழுத்திக் கெடுத்துட்டேன் போலம்மா. உன்கிட்ட சொன்னா திட்டுவேன்னு நினைச்சேன்."

எனக்கு வலித்தது இந்த வார்த்தைதான். செயலியைச் செய்தவர் தன்மேல் தவறில்லை என்கிறார். அதை நம்பி அழுத்தியவள் எல்லாத் தவறும் தன்னுடையது என்கிறாள். இரண்டு பேரும் ஒரே பட்டனைத்தான் சொல்கிறார்கள்.

என்ன நடந்தது என்று இந்த வேலையில் இல்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மேலே மணியும் பேட்டரியும் காட்டும் பட்டைக்கும், கீழே பேக், ஹோம் இருக்கும் பட்டைக்கும் இடம் விட்டுவிட்டு நடுவில்தான் பெரும்பாலான செயலிகள் நிற்கும். 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15 இதை மாற்றியது. ஏபிஐ 35-க்காக (ஆண்ட்ராய்டு 15-க்கான எண் அது) பில்டு செய்த செயலி அந்த ஃபோன்களில் திரையின் விளிம்புவரை தானாகவே விரியும். அந்தப் பட்டைகளுக்கு அடியிலும் ஓடும். எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஃபோனே சொல்லும். அதற்கு இன்செட் என்று பெயர். அதைக் கேட்டு, பட்டனை அந்த அளவுக்கு உள்ளே தள்ளி வைப்பது செயலியின் பொறுப்பு. அப்படித் தள்ளிய பிறகு மிச்சமிருக்கும் இடம்தான் சேஃப் ஏரியா. கேட்காமல் விட்டால் அம்மாவின் பச்சைப் பட்டன் கதைதான்.

ஜெஸ்சர் மோடில் கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் இருக்கும். தம்பியின் ஃபோனில் அந்தக் கோடு பட்டனின் அடி ஓரத்தில் கிடந்திருக்கும், அழுத்தினால் வேலை செய்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் பக்கத்தில் பிரச்சினை தெரிந்திருக்காது. அம்மாவின் ஃபோனில் மூன்று பட்டன் பட்டை. அதன் வழக்கமான உயரம் 48 டிபி (ஆண்ட்ராய்டு திரையை அளக்கும் அலகு). விரலால் அழுத்தும் எதுவும் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டி சொல்வதும் அதே 48 டிபிதான். ஒரு முழுப் பட்டனை விழுங்கப் போதுமான உயரம் அது. அதிலும் அந்தப் பட்டை முழுசாக மறைக்காது, அடியில் இருப்பது மங்கலாகத் தெரியும். பச்சை தெரிகிறது, அதனால்தான் அவள் திரும்பத் திரும்ப அழுத்தினாள். ஒன்றுமே தெரியாமல் இருந்திருந்தால் பட்டனைக் காணோம் என்று என்னைக் கூப்பிட்டிருப்பாள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை அன்றைக்கு எழுதவில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பட்டனில் 'கன்ஃபர்ம்' என்று ஒரே சொல். தமிழில் 'முன்பதிவை உறுதிசெய்க'. அம்மா எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறாள், கண் பிரிவுக்குப் போகிறவள் வேறு எப்படி வைத்திருப்பாள்? பெரிய எழுத்தில் அந்தத் தமிழ் இரண்டு வரியாக மடிகிறது. பட்டனின் உயரத்தை அசையாமல் கட்டிவைத்திருக்கிறார்கள், இரண்டாவது வரி அதற்குள் அடங்கவில்லை. 'உறுதிசெய்க' என்ற சொல்லே காணாமல் போய், மங்கலான பச்சையில் 'முன்பதிவை' மட்டும் நிற்கிறது. கண் நோயாளிகளும் பயன்படுத்தும் செயலியைப் பெரிய எழுத்தில் ஒருமுறைகூட யாரும் திறந்து பார்க்கவில்லை. ஒரே ஒருமுறை தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, மூன்று பட்டன் ஃபோனில் பார்த்திருந்தால் போதும். பத்து நிமிட வேலை.

"நீ மட்டும் தவறே செய்யாதவளா?" என்று கேட்பீர்கள். செய்திருக்கிறேன். 2017 நவம்பரில் ஐபோன் எக்ஸ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலையே 89,000 ரூபாய். லாஸ்பேட்டையில் நான் வேலை பார்த்த சின்ன ஆபீஸில் அது ஒருவரிடமும் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிவிட்டு, எங்கள் ஷாப்பிங் செயலியின் கூடைப் பட்டன் கீழே இருக்கும் ஹோம் கோட்டில் மாட்டிக்கொள்கிறது என்று படம் அனுப்பினார். அந்த ஃபோனை நிமிர்த்திப் பிடித்தால் மேலே 44 பாயிண்ட், கீழே 34 பாயிண்ட் (ஐபோன் திரையை அளக்கும் அலகு) விட வேண்டும். ஐபோனை இயக்கும் ஐஓஎஸ் 11-லேயே சேஃப் ஏரியாவைக் கேட்டு வாங்க வழி செய்திருந்தார்கள். நான் கேட்கவில்லை. இந்த மாடல் என்றால் 34 என்று கையால் எழுதி அனுப்பிவிட்டேன். அவர் ஃபோனைப் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறார். படுக்கவைத்தால் கீழே 21, இரண்டு பக்கமும் 44. பொருட்களின் பெயரெல்லாம் நாட்ச்சுக்குள், அதாவது கேமராவுக்காகத் திரையில் வெட்டிய இடத்துக்குள் போய்விட்டது.

அன்றிரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். காலையில் அவருக்கு மன்னிப்புக் கேட்டு நானே மெயில் எழுதினேன். அதற்குப் பிறகு ஐபோன் 12-இல் மேலே 47 ஆனது, 14 ப்ரோவில் 59 ஆனது. நாம் எழுதிவைக்கும் எந்த எண்ணும் அடுத்த ஃபோனில் நிற்காது. ஃபோனைக் கேட்க வேண்டும், அது சொல்வதைக் கேட்டு நகர வேண்டும். நான் தவறு செய்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் ஒன்று, அவரிடம் "உங்கள் ஃபோனை மாற்றுங்கள்" என்று நான் சொல்லவில்லை. 89,000 ரூபாய் ஃபோன் வைத்திருந்தவருக்கு நம் துறையில் யாருமே அப்படிச் சொல்லவில்லை. மொத்தத் துறையும் ராத்திரி பகலாகத் திருத்திக் கொடுத்தது. அம்மாவின் ஃபோன் பதினோராயிரம். அவளுக்கு மட்டும் செட்டிங்ஸை மாற்றச் சொல்கிறீர்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் என் சித்தப்பா அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கும்போது நான்கு பக்கமும் ஓரம் விட்டுத்தான் எழுத்தைக் கட்டுவார். "கத்தி எங்க இறங்கும்னு காகிதத்துக்குத் தெரியாது பாப்பா" என்பார். ஒருமுறை வேலைக்கு வந்த பையன் ஓரத்தைக் குறைத்துவிட்டான். கட்டிங்கில் அடிவரி பாதி போய்விட்டது, மண்டபத்துக்கு வழி சொல்லும் வரி. பெண்ணின் அப்பா "பரவாயில்லை, வாயால சொல்லிக்கிறோம்" என்றார். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. மொத்தப் பத்திரிகையையும் தன் செலவில் அடித்து, சைக்கிளில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை அவர். ஓரம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

சின்னக் குழு, இரண்டே பேர், ரிலீஸ் நெருக்கடி என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பிழை வந்ததற்காக நான் கோபப்படவே இல்லை.

"கூகுள் மாற்றினால் நாங்கள் என்ன செய்வோம்?" இதை மட்டும் ஏற்க முடியாது. 2025 ஆகஸ்ட் 31-லிருந்து ப்ளே ஸ்டோரில் புதுச் செயலிகளும் அப்டேட்டுகளும் ஏபிஐ 35-க்கு மாற வேண்டும் என்பது முன்கூட்டியே சொல்லப்பட்ட விஷயம். ஆண்ட்ராய்டு 15-ஐப் பொறுத்தவரை இந்த விரிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் செயலியில் சேர்க்க ஒரு வரி கோட் கொடுத்திருந்தார்கள். ஏபிஐ 36-க்கு மாறிவிட்டால் ஆண்ட்ராய்டு 16-இல் அந்த வரி செல்லாது, ஆனால் அதுவரை மூச்சுவிட இடம் இருந்தது. எண்ணை மட்டும் 35 ஆக்கி ஸ்டோரில் ஏற்றிவிட்டு, நோயாளிகளின் ஃபோனில் போய் டெஸ்டிங் நடக்கட்டும் என்று விட்டிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த ஜெஸ்சர் மோடு. தம்பி, அம்மாவுக்கு 68 வயது. திரும்பிப் போக அந்த முக்கோணத்தை அழுத்தலாம், வெளியே வர வட்டத்தை அழுத்தலாம் என்பதை ஒரு வருடம் பழகியிருக்கிறாள். அந்த வட்டம்தான் அவளுக்கு வீட்டு வாசல். எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் அதை அழுத்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம் என்ற தைரியத்தில்தான் எதையும் தொடுகிறாள். அதை எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து இழு, கீழேயிருந்து தள்ளு என்று சொல்லிக்கொடுக்கச் சொல்கிறீர்களா? உங்கள் ஒரு பட்டன் மேலே வராது, அதற்காக அவள் ஃபோன் முழுவதும் மாற வேண்டுமா? பக்கத்து வீட்டு அக்காவின் ஃபோனை யார் மாற்றுவது? பண்ருட்டியிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் அந்தக் கண் பிரிவுக்கு வருகிறவர்களின் ஃபோனையெல்லாம் யார் போய் மாற்றுவது?

"பிள்ளைகள் போட்டுக் கொடுக்கட்டுமே" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அண்ணா, ஒருவர் தானே செய்துகொண்டிருந்த வேலையைப் பறித்து பிள்ளையிடம் கொடுப்பது உதவி இல்லை. அப்பா போன பிறகு பேங்க், ரேஷன், கரண்ட் பில் எல்லாவற்றையும் அம்மா ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். யாரிடமும் கேட்காமல் ஒரு காரியத்தை முடிப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

நேற்று திருத்தம் வந்துவிட்டது. பச்சைப் பட்டன் மேலே ஏறியிருக்கிறது, பார்த்தேன். எழுத்து இன்னும் வெட்டுப்பட்டுத்தான் இருக்கிறது. அப்டேட் குறிப்பில் 'சிறு மேம்பாடுகள்' என்று இருக்கிறது. நோயாளிகளிடம் ஒரு வரி, "தவறு எங்களுடையது, உங்கள் ஃபோனில் கோளாறு இல்லை" என்று திரையில் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அம்மாவிடம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். "வேணாம்மா, மறுபடி நான் எதையாவது பண்ணிடப் போறேன்" என்றாள். எழுதிக்கொடுத்த நோட்டை மடித்து சாமி அலமாரியில் வைத்துவிட்டாளாம். வெள்ளிக்கிழமைக்கான டோக்கனை நான்தான் போட்டேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சேர்த்து.